அருவிக்கு ஒரு சட்டை

ஒரு செம்புத் தண்ணீரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நீட்டிய தன் இடது கையிலேயே கொட்டிக்கொண்டாள் மைனி. ‘சளார்’ என்று அடித்துத் தண்ணீர் சமையலறைச் சுவர் வரைக்கும் தெறித்தது. பிறகு தண்ணீர்ப் பானையை மூடியிருந்த வலைத்துணியை எடுத்தாள். அவளே கொக்கி ஊசியால் பின்னிய துணி அது. அதைக் கையில் போர்த்திக்கொண்டு அதே உயரத்திலிருந்து இன்னொரு செம்பு கொட்டினாள். இந்தத் தடவை தண்ணீர் அடிக்கவில்லை. வலையில் விழுந்து உடைந்து, துளித்துளியாகச் சிதறி, பூத்தூவலாகக் கையில் வழிந்தது.

“ஏட்டி, இங்கன ஓடி வா! அடிக்கவே இல்லட்டி!”

நான் ஓடினேன். என் கையை நீட்டச் சொல்லி அதிலும் கொட்டினாள். அதோடு விட்டாளா? குனிய வைத்து, முதுகில் வலையைப் போட்டு, ஒரு குடத்தையே கவிழ்த்துவிட்டாள். தாவணி தொப்பலாக நனைந்து நான் கத்திக்கொண்டு நிற்க, அவள் வெறும் குடத்தைக் கையில் பிடித்தபடி சிரித்தாள்.

“கெடச்சிட்டு! அந்த வக்கீலுக்கு நான் சட்ட பின்னித் தாரேன்.”

இது நடந்தது தென்காசி ரயில்வே குவார்ட்டர்ஸில். அவளுடைய கணவர் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, ஆகவே அவள் மைனி. பக்கத்து வீடு எங்களுடையது. அந்த வருஷம் நான் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிக்க அனுப்புவார்களா, கல்யாணம் பேசுவார்களா என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்கும் நடுவே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனி பிறந்து சாரல் கட்டியிருந்தது. குற்றாலத்துக்கு வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் எங்கள் ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும். வேடிக்கைக்குக் குறைவே இல்லை.

வக்கீல் மதுரைக்காரர். குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். ஊரிலிருந்து வரவேண்டிய ஏதோ பார்சலைக் கேட்டு அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தவரை, வண்டி தாமதம் என்று அண்ணாச்சி வீட்டுக்கு அழைத்து வந்து காப்பி கொடுக்கச் சொன்னார். நல்ல பருத்த மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாரே தவிர, சாயவில்லை.

“நல்லா சாஞ்சு உக்காருங்க சார்.”

“சாயறதா? முதுகுன்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே சாய!” என்றார் வக்கீல். “வாதத்துக்கு அருவிதான் மருந்துன்னு வைத்தியர் சொல்லி அனுப்பினார். போய் நின்னா முதுகுல யாரோ ஜமுக்காளம் துவைக்கிற மாதிரி இருக்கு. சட்டையோட நின்னேன், அதுக்கு மேலயும் அடிக்குது. அடுத்த பங்களாவுல இன்னொரு வக்கீல் இருக்கார். கோர்ட்டுல எனக்கு எப்பவும் எதிர்க்கட்சி. அந்த ஆள் எருமை மாதிரி அசையாம நிக்கிறார். நான் வெளியே ஓடி வர்றதைப் பார்த்து, ‘என்ன ஓய், வாய்தா வாங்கிட்டீரா?’ங்கறார்.”

உள்ளே கதவுக்குப் பின்னால் மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பானையை மூடியிருந்த வலைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அந்தச் செம்பு.

மிஷன் பள்ளி போர்டிங்கில் கற்றுக்கொண்ட பின்னல் அது. ஒரு சின்ன எஃகு ஊசி, முனையில் கொக்கி. சங்கிலியாகப் போட்டுப் போட்டுக் கண்ணி கோத்துக்கொண்டே போனால் துணியாகிவிடும். ஊசி எப்போதும் மைனியின் கொண்டையில் செருகியிருக்கும். அந்த வீட்டில் உடை போட்டுக்கொள்ளாத பொருளே கிடையாது. அரிக்கேன் விளக்குக்குப் பாவாடை, வெற்றிலைப் பெட்டிக்குக் குல்லா, கூஜாவுக்குச் சட்டை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் ஒரு மேசைத்துணி பின்னிக்கொண்டு போவாள். எல்லோரும் ‘ஆகா’ என்று விரித்துப் பார்ப்பார்கள். பிறகு மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டிலும் அதை மேசையில் பார்த்ததில்லை என்பது மைனியின் நெடுநாள் மனக்குறை.

“சும்மா குடுத்தா பெட்டிக்குள்ள போவுது. காசு குடுத்து வாங்குனவந்தான் மேலுல போடுவான்” என்பாள். “நான் பின்னுனத ஒரு ஆளு போட்டுக்கிட்டு நாலு பேருக்கு நடுவுல நிக்கணும். அத நான் பாக்கணும்.”

இவ்வளவுதான் அவள் ஆசை. அந்த ஆசைக்குத்தான் இப்போது பருத்த உடம்பும் புண்பட்ட முதுகுமாக ஒரு மதுரை வக்கீல் கிடைத்திருந்தார்.

“ஏளா, அவரு வக்கீலு. மீனு இல்ல, வல போட்டுப் பிடிக்கதுக்கு” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் அடுத்த நாள் பார்சலை வாங்க வந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். வக்கீல் உடனே நம்பிவிடவில்லை. ஒரு செம்புத் தண்ணீரும் வலையும் வரவழைத்துத் தன் கையிலேயே பரீட்சை செய்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கூலி எதுவானாலும் தர்றேன். அந்த ஆள் முன்னாடி நான் அருவியில நிக்கணும். சீசன் முடியறதுக்குள்ள பின்னிக் குடுங்கம்மா.”

மைனியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் பின்னியதைப் பிரிக்க மாட்டாள். தையலைப் பிரிக்கக் கத்தி வேண்டும். நெசவைப் பிரித்தால் நூல் துண்டுதுண்டாகிவிடும். ஆனால் இந்தப் பின்னல் அப்படியில்லை. கடைசிக் கண்ணியை நழுவவிட்டு நூலை ஓர் இழுப்பு இழுத்தால், நாள்கணக்கில் பின்னியதெல்லாம் கரகரவென்று அவிழ்ந்து காலடியில் குவிந்துவிடும். தப்பு வந்தால் பிரித்துப் பின்னுவதற்கென்றே ஏற்பட்ட வேலை என்று சொல்லலாம். அப்படிப்பட்ட வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வரியைக்கூடப் பிரித்தவள் இல்லை அவள். “பின்னுனது பின்னியாச்சு. மேக்கொண்டு போற வழியப் பாரு” என்பாள். நானோ ஒரு எழுத்துப் பிசகினாலும் தாளைக் கிழித்துப் புதிதாகத் தொடங்குகிறவள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாகவும் இருக்கும், பார்க்காமல் இருக்கவும் முடியாது.

என் அக்கா பிள்ளைக்கு ஒரு குல்லா பின்னினாள். அது பிள்ளையின் தலைக்கு இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது. பிரித்தாளா? நீட்டிக்கொண்டே போய் ஓர் உறி ஆக்கிவிட்டாள். எங்கள் சமையலறை உத்தரத்தில் வெகுகாலம் ஒரு பூசணிக்காய் நீல நாடாவும் குஞ்சமுமாகக் குல்லாப் போட்டுத் தொங்கியது. கோலத்திலும் அப்படித்தான். புள்ளி ஒன்று கூடிவிட்டால் அழிக்க மாட்டாள், அதற்கு ஒரு மூக்கும் வாலும் போட்டுக் குருவியாக்கிவிடுவாள். அவள் வாசலில் மட்டும் எல்லாக் கோலத்துக்கும் ஒரு பக்கம் குருவி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ரயில் பயணம். திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்காக நானும் மைனியும் கிளம்பினோம். பேச்சு மும்முரத்தில் எதிர்த்திசைக் கொல்லம் வண்டியில் ஏறிவிட்டோம். செங்கோட்டை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“மைனி, எறங்குங்க எறங்குங்க! வண்டி மாறி ஏறிட்டோம்!”

அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏறுனது ஏறியாச்சு. நீ குகை பாத்திருக்கியா?”

அன்றைக்கு நான் குகை பார்த்தேன். இருட்டுக்குள் வண்டி நுழைய, பெட்டி முழுக்கக் கரிப்புகை. மைனி இருட்டிலும் பின்னிக்கொண்டிருந்தாள். புனலூர் வரை போய், நேந்திரங்காய் வறுவல் வாங்கித் தின்று, மறு வண்டியில் திரும்பினோம். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவும் மூக்கு நிறையக் கரியுமாக வந்து இறங்கியவர்களைப் பார்த்து அண்ணாச்சி, “கல்யாணச் சாப்பாடு எப்பிடி?” என்றார். மைனி வறுவலை நீட்டினாள்.

“இவ என்னக் கெட்டுனதும் இந்தக் கணக்குலதான்” என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார் அண்ணாச்சி. “பிசகுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. பிரிக்கக் கூடாதுன்னு வச்சிருக்கா.”

வக்கீல் சட்டைக்கு அளவு எடுத்ததைச் சொல்கிறேன். அந்நிய ஆணை நாடா போட்டு அளக்க முடியாது. வக்கீல் தன் பழைய பனியனைக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். மைனி ஒத்துக்கொள்ளவில்லை. அது எந்தக் காலத்து வயிற்றின் அளவோ என்று சந்தேகப்பட்டாள். வாசல் நிலையில் அவர் நுழைந்தபோது இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதை அவள் கண் வாங்கி வைத்திருந்தது. ஒல்லியான அண்ணாச்சியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, வயிற்றில் ஒரு தலையணையும் முதுகில் ஒரு தலையணையும் வைத்துத் துண்டால் கட்டினாள்.

“ஏளா, வண்டி வார நேரம். நான் ஸ்டேஷனுக்குப் போணும்.”

“வண்டி நிக்கும். நீங்க அசையாம நில்லுங்க. கொஞ்சம் வக்கீல் மாதிரி நில்லுங்களேன்!”

“எப்பிடி?”

“சாயாம!”

தென்காசிக் கடைத்தெருவில் அகப்பட்ட வெள்ளை நூல்கண்டையெல்லாம் வாங்கியாயிற்று. தோளில் ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டு வந்தாள். குழம்பு கொதிக்கும்போது பின்னினாள். என் அம்மாவோடு வம்பளக்கும்போது பின்னினாள். கோயிலுக்குப் போகிற வழியிலும் பின்னிக்கொண்டே நடந்தாள். தினமும் சாயங்காலம் தலையணை கட்டிய அண்ணாச்சிக்குப் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் நான் உற்றுப் பார்த்து, வலது கை போகிற துவாரம் இடதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். வெற்றியோடு சொன்னேன்.

“வக்கீலு எந்தக் கையத் தூக்கிப் பேசுவாரு?”

“வலது கைய.”

“பெறவு என்ன? அவரு பேசட்டும்.”

சட்டை முடிந்தது. கையில்லாத, கட்டம் கட்டமாக ஜன்னல் வைத்த வெள்ளை வலை. கீழ் விளிம்பில் சின்னச் சின்ன அரைவட்டமாகக் கிண்ணக்கரை. சாரல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஆள் இல்லாமலேயே அழகாக இருந்தது. வக்கீல் வந்து, அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தலையணை அளவு கொஞ்சமும் பிசகவில்லை. இடுப்பில் கச்சிதமாக வந்து நின்றது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

“இதைக் கோட்டுக்கு மேலேயே போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போகலாம் போல இருக்கேம்மா!”

அன்று மைனி சாப்பிடக்கூட உட்காரவில்லை.

மறுநாள் காலை ஜட்கா பிடித்து மைனி, அண்ணாச்சி, நான் எல்லோரும் குற்றாலம் போய்விட்டோம். பேரருவி நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. நானும் மைனியும் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தபடி நின்றோம். வக்கீல் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, வலைச்சட்டையும் வேஷ்டியுமாக வந்தார். எதிர்க்கட்சி வக்கீல் ஏற்கெனவே அருவிக்கடியில் நின்றிருந்தார். நம்மவர் அவரைப் பார்க்காதது போலப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நின்றார். அசையவில்லை. வலது கையை உயர்த்தி எங்கள் பக்கம் காட்டினார்.

மைனி என் கையைக் கிள்ளியே விட்டாள். “நிக்காருட்டி! நிக்காரு!”

அப்போதுதான் சட்டை இறங்க ஆரம்பித்தது.

பருத்தி நூல். ஒவ்வொரு கண்ணியும் தண்ணீர் குடித்துக் கனத்தது. மேலேயிருந்து அருவி வேறு தள்ளுகிறது. இடுப்பில் இருந்த விளிம்பு தொடைக்கு வந்தது. தொடையிலிருந்து முட்டிக்கு வந்தது. கழுத்து வட்டம் நெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. வக்கீல் குனிந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று முட்டி வரைக்கும் ஓர் அங்கி!

“என்ன ஓய், ஞானஸ்நானமா?” என்று அருவிச் சத்தத்துக்கும் மேலாகக் கேட்டார் எதிர்க்கட்சி.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர்கூடச் சிரித்தார். வக்கீல் ஓடை தாண்டுகிறவர் மாதிரி விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு எங்களிடம் வந்தார். கையில் நனைந்த சட்டை. கோபத்திலும் மரியாதை தப்பாத மனிதர்.

“மதுரையில நான் பேச எழுந்தா கோர்ட்டே கேக்கும்மா. இன்னிக்கு ஊரே சிரிச்சிடுச்சு. இதைப் பிரிச்சுச் சின்னதா பின்னிக் குடுங்க. இல்லேன்னா நூலாவே வச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்.”

சட்டையை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் பங்களாவைப் பார்த்துப் போய்விட்டார். அது கல்லின் இரண்டு பக்கமும் வழிந்து, சொட்டுச்சொட்டாக வடிந்துகொண்டு கிடந்தது.

அண்ணாச்சி அன்று கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “பிரிச்சிருளா” என்றார் மெதுவாக. “நான் நூலச் சுத்தித் தாரேன்.” நானும் சேர்ந்துகொண்டேன். நனைந்தால் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அந்த விகிதத்துக்குக் குட்டையாகப் பின்னிவிடலாம் என்று விரலை மடக்கி ஒரு கணக்கே சொன்னேன். சரியான கணக்குத்தான், இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரித்துப் பின்னுவதற்குள் சீசன் போய்விடும். ஞானஸ்நானக் கதை எங்களுக்கு முன்னால் தென்காசி போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் மைனியிடம் யார் சட்டை கேட்டு வருவார்கள்? மறுபடியும் விளக்குக்கும் கூஜாவுக்கும்தான் பின்ன வேண்டும்.

மைனி சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் விரல் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், கடைசி முடிச்சில் நின்றது. ஓர் இழுப்புத்தான்.

“ஏட்டி” என்றாள். “அவரு முதுகுல அடிச்சுதா, அடிக்கலையா?”

“தெரியலையே மைனி.”

“சிரிச்சதச் சொன்னாரு. நீண்டதச் சொன்னாரு. அடிச்சுதான்னு ஒரு வார்த்த சொன்னாரா?”

“சொல்லலையே” என்றார் அண்ணாச்சி.

மைனி எழுந்தாள். சேலைக்கு மேலேயே அந்தச் சட்டையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டாள். முட்டிக்குக் கீழே இறங்கித் தொங்கியது. “ஏளா, எங்க போற?” என்று அண்ணாச்சி கேட்பதற்குள் பெண்கள் பக்கத்து அருவிக்குள் நுழைந்துவிட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் பின்னாலேயே ஓடினேன்.

அருவிக்கடியில் பேச்சுக் கேட்காது. அவள் வாய் அசைவதைத்தான் பார்த்தேன். ‘அடிக்கல, அடிக்கல’ என்கிறாள். பிறகு தோளைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள். தோளில் மட்டும் அடிக்கிறதாம். வலை நீண்டபோது தோள் பக்கத்துக் கண்ணிகள் அகலத் திறந்துகொண்டன போலும். காலில் வேறு தடுக்குகிறது. எரிச்சலோடு முன்பக்கத்து விளிம்பை இரண்டு கையாலும் அள்ளினாள். முந்தானையைத் தூக்கிப் போடுகிறவள் மாதிரி அதைத் தோளுக்கு மேல் வீசினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். பின்பக்கத்தையும் எட்டி எடுத்துத் தோளில் போட்டாள். என்னைப் பிடித்து இழுத்து அந்த மடிப்புக்கடியில் நிறுத்தினாள். வலைமேல் வலை, அதன்மேல் வலை. குற்றாலத்து மலையே தலைக்கு மேல் விழுந்துகொண்டிருக்கிறது, எங்கள் தோளில் யாரோ பன்னீர் தெளிக்கிறார்கள்! நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் இதுகள் என்ன பைத்தியங்கள் என்று விலகி இடம் விட்டார்கள்.

வெளியே வந்தபோது தோள் மடிப்பு நழுவி, வலை பழையபடி முட்டிக்குக் கீழே தொங்கியது; மைனிக்கு மூச்சிரைத்தது. “நீளம் பிசகு இல்லட்டி. நீளம் வேணும். அத எங்க கொண்டு போயி வைக்கதுன்னுதான் நமக்குத் தெரியல்ல.”

ஜட்காவில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். தென்காசி வருவதற்குள் வெறும் சங்கிலியாகவே போட்டுப் போட்டு ஒரு நாடா பின்னிவிட்டாள். வலைதான் முழுக்கத் துவாரமாயிற்றே! நாடாவை விளிம்பு வழியாகக் கோத்துத் தோள் வரை கொண்டு போனாள். நாடாவை இழுத்து முடிந்தால் நீண்டதெல்லாம் மேலே ஏறித் தோளில் மெத்தையாக உட்கார்ந்துகொண்டது. ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை.

ஆனால் வக்கீல் அதைத் தொட மாட்டேன் என்றார். சொல்லிப் பார்த்தோம், செம்பும் தண்ணீருமாகக் காட்டிப் பார்த்தோம். “ஒரு தடவை சிரிச்சது போதும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அண்ணாச்சி செய்ததுதான் காரியம். கேலி பேசியே காலம் கழித்த மனிதர், வக்கீலைக் கையோடு அருவிக்கரைக்கு இழுத்துப் போய், அவர் கண்ணெதிரே தானே சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. நாடா இழுத்துக் கட்டிய சட்டை இடுப்பைவிட்டு இறங்கவில்லை. அந்த ஒல்லி உடம்பு, தோளில் இரண்டு வெள்ளைப் பொதியோடு, பாரம் சுமக்கிற மாடு மாதிரி நிதானமாக நின்றது. கூப்பிட்டால் வரவில்லை. கையை ஆட்டினாலும் வரவில்லை.

“யோவ் அண்ணாச்சி, அது என் சட்டைய்யா! கழட்டிக் குடும்!” என்று கடைசியில் வக்கீலே கத்தினார்.

அவர் போட்டுக்கொண்டு நுழைந்தபோது எதிர்க்கட்சி ஏற்கெனவே உள்ளே இருந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எதிர்க்கட்சியின் தோள் சிவந்தது. கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். வெளியே வந்து துவட்டிக்கொண்டு, “ஓய், மத்தவங்களும் குளிக்க வேண்டாமா? வாரும் வெளியே!” என்றார்.

“வாய்தா கிடையாது ஓய்!” என்று அருவிக்குள்ளிருந்து பதில் வந்தது.

நாலு பேருக்கு நடுவே, மைனி பின்னியதைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நின்றார். அவள் பார்த்தாள். கண்ணில் விழுந்த சாரலைத் துடைக்கிறவள் மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வக்கீல் மனைவியையும் அழைத்துக்கொண்டு மைனி வீட்டுக்கு வந்தார். தட்டு நிறைய மங்குஸ்தான் பழம், நடுவே கூலி. கூடத்தில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அருவிக்குள் தான் நின்ற கதையை, அருகிலேயே நின்று பார்த்த அண்ணாச்சிக்கே விவரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அடுக்களைப் பக்கம் எங்களிடம் வந்தாள். அமைதியான, நெட்டையான பெண்மணி. பானை மேலிருந்த வலைத்துணியையும் விளக்குப் பாவாடையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு பின்னித் தரணும்” என்றாள் மெதுவாக. “அவர் போட்டிருக்காரே, அது மாதிரி இல்ல. நீங்க அன்னிக்குப் போட்டிருந்தீங்களே, அது.”

“அது நீண்டு போன பிசகுல்லாம்மா! முட்டிக்குக் கீழ தொங்கிச்சுதே.”

“அதுதான் எனக்கு வேணும். நான் அன்னிக்குக் கரையில நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க அருவியிலிருந்து வெளியே வந்தீங்க. கையை வீசிக்கிட்டு, நேரா, யாரையும் பாக்காம நடந்து வந்தீங்க. ஈரச் சேலை மேல அந்த வலை மறைவா விழுந்திருந்துச்சு.” கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “நானும் வருஷா வருஷம் இவரோட வர்றேன். காலை மட்டும் நனைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடறேன். உடம்போட ஒட்டின சேலையோட அந்தக் கூட்டத்துக்குள்ள எப்படி நடக்கறது? உள்ளே போக ஆசைதான். வெளியே வர்றதை நினைச்சாத்தான் முடியல.”

மைனியின் கை கொண்டையில் இருந்த ஊசிக்குப் போனது.

“கண்ணி இன்னும் நெருக்கமா இருக்கட்டும்” என்றாள் அந்த அம்மாள், துணிவு வந்துவிட்ட குரலில். “கையும் வேணும், முழங்கை வரைக்கும். அரக்கு நிறமா இருந்தா நல்லது.”

நான் மைனியின் காதோடு சொன்னேன்: “நெருக்கமாப் பின்னுனா இன்னும் தண்ணி குடிக்கும் மைனி, இன்னும் கனக்கும். நீங்க கை வச்சுப் பின்னுனதே இல்லையே!”

“வைக்காம எப்பிடித் தெரியும்?” என்றாள் சத்தமாகவே. “கனக்கட்டும், நனச்சுப் பாப்போம். சாயத்துக்கு நாளைக்கே கடையநல்லூருக்குப் போயிருவோம், அங்கன தறிக்காரங்க ஏத்தித் தருவாங்க. நீங்க இப்பிடி வெளிச்சத்துல வந்து கையத் தூக்குங்கம்மா. ஆம்பளையா என்ன, தலகாணியக் கெட்டி அளக்க!”

வக்கீலின் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கி நின்றாள், அருவி விழப்போகிறது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு. மைனி அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும், பிறகு காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள்.

“ஏட்டி, இந்த வாட்டி கீழேருந்து ஆரம்பிப்போம்” என்றாள் என்னிடம். “கழுத்து எங்கன வருதோ அங்கன வரட்டும்.”